சிங்கிள் டச் பேரோல்: ஆஸ்திரேலியச் சிறு முதலாளிகளுக்கான ஒரு மதிப்பீடு

ஒவ்வொரு முறை சம்பளம் போடும்போதும் அதன் விவரத்தை மென்பொருள் வழியாக அனுப்பச் சொல்லும் ஆஸ்திரேலிய வரி அலுவலகத்தின் சிங்கிள் டச் பேரோல், 2018 ஜூலை 1 முதல் 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அடுத்த ஆண்டு அதே நாளிலிருந்து அதைவிடச் சிறிய நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. மளிகைக் கடை, உணவகம், துப்புரவுத் தொழில் என நடத்துவோரின் சம்பளக் கணக்கைக் கவனிப்பவன் என்ற முறையில், இந்தச் சேவை எங்கே நன்றாக அமைந்திருக்கிறது, எங்கே இன்னும் சுமையாக நிற்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முன்பு முதலாளி ஆண்டுக்கு ஒரு முறை, ஜூலை 14க்குள் ஒவ்வொரு ஊழியருக்கும் அவருடைய ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பேமெண்ட் சம்மரி கொடுத்து, பிறகு வரி அலுவலகத்துக்கும் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது சம்பளம் போடும் நாளிலேயே, அதற்காகப் பயன்படுத்தும் மென்பொருளிலிருந்தே, சம்பளம், பிடித்த வரி, சூப்பர் (ஊழியரின் ஓய்வுக்காலத்துக்காக முதலாளி செலுத்தும் சேமிப்புத் தொகை) ஆகியவற்றின் விவரம் வரி அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. ஆண்டு முடிவில் ஜூலை 14க்குள் கணக்கை இறுதி செய்ததாக ஓர் உறுதிமொழி அனுப்பினால் போதும். ஊழியர் தம் வருமான அறிக்கையை அரசின் இணையச் சேவையான மைகவ் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இதன் வெற்றிக்கு முக்கியக் காரணம், வரி அலுவலகம் தானே ஒரு படிவத்தைக் கட்டி எல்லார் தலையிலும் வைக்காமல், தரவு எந்த வடிவில் வரவேண்டும் என்பதை வகுத்து வெளியிட்டு, ஜீரோ (Xero), மையோப் (MYOB) போன்ற மென்பொருள் நிறுவனங்கள் அதைத் தங்கள் பொருளிலேயே சேர்க்கும்படி விட்டதுதான். நான்கு பேர் வரை மட்டுமே வேலை செய்யும் கடைகளுக்காக, மாதம் 10 டாலருக்கு மேற்படாத எளிய மென்பொருள்களை உருவாக்கும்படி அது கேட்டு வாங்கியதையும் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஊழியர் பக்கத்திலிருந்து பார்த்தால் மிகப் பெரிய பயன் சூப்பரில்தான். முதலாளி இவ்வளவு சூப்பர் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார் என்பது ஒரு வழியிலும், சூப்பரைப் பெற்று வைத்திருக்கும் நிதியத்துக்கு உண்மையில் எவ்வளவு வந்தது என்பது மற்றொரு வழியிலும் வரி அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுவதால், இடைவெளி விழுந்தால் ஊழியர் புகார் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சூப்பர் வராததை வேலையை விட்டுப் பல காலம் கழித்துத்தான் கண்டுபிடித்தவர்கள் ஏராளம் என்பதால், இதை நான் சிறிய சீர்திருத்தமாகக் கருதவில்லை.

2022 ஜனவரி 1 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டம்தான் முதலாளிகளைச் சிரமப்படுத்தியது. மொத்தச் சம்பளம் என்று ஒரே தொகையாகக் காட்டியதை ஓவர்டைம், போனஸ், விடுப்புச் சம்பளம், ஒவ்வொரு வகைப் படி என்று பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. மென்பொருளில் பல ஆண்டுகளாக இருந்த சம்பளத் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரியான வகையில் பொருத்தும் வேலை முழுவதும் முதலாளியின் நேரத்திலும் செலவிலும்தான் நடந்தது. ஆனாலும் அந்த விவரம் உதவித்தொகை வழங்கும் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறது என்பதால் அந்த உழைப்பு தகும் என்றே சொல்வேன். ஆண்டு வருமானத்தை இருவார அளவில் சராசரியாக்கி, ஏழைகள் மீது இல்லாத கடனைச் சுமத்திய ரோபோடெட் என்ற உதவித்தொகைக் கடன் வசூல் திட்டத்தின் கொடுமையை 2023இல் அரச விசாரணை ஆணையம் விரிவாகப் பதிவு செய்தது. எந்தச் சம்பளம் எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்ற விவரம் கையில் இருக்கும்போது அப்படிச் சராசரி போடுவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

குறைகளும் உண்டு. ஆண்டின் நடுவில் மென்பொருளை மாற்றும்போது பழைய பதிவுகளை முறையாக மூடாவிட்டால், ஊழியரின் மைகவ் கணக்கில் அதே வருமானம் இரண்டு முறை தெரியும். அதைச் சரிசெய்வது சிறு கடைக்காரருக்கு எளிதான காரியமல்ல. முதலாளி கொடுக்கும் மொத்தச் சம்பளத்தின் மீது மாநிலங்கள் வசூலிக்கும் பேரோல் டாக்ஸ் இன்றும் இதற்கு வெளியே, தனிப் படிவத்தில்தான் நடக்கிறது. ஒரே சம்பளத்தை இரு அரசுகளுக்கு இரு முறை கணக்குக் காட்டச் செய்வது, இந்தச் சேவையின் பெயருக்கே பொருந்தாதது.

2026 ஜூலை 1 முதல் சூப்பரையும் காலாண்டு முடியும்வரை வைத்திருக்காமல், சம்பளம் கொடுத்த ஏழு வேலை நாட்களுக்குள் நிதியத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. சிறு முதலாளிகள் இலவசமாகப் பயன்படுத்திவந்த வரி அலுவலகத்தின் சூப்பர் கிளியரிங் ஹவுஸும் (எல்லா ஊழியரின் சூப்பரையும் ஒரே இடத்தில் செலுத்தினால் அவரவர் நிதியத்துக்குப் பிரித்து அனுப்பும் சேவை) அதே நாளோடு மூடப்படுகிறது. விதி நியாயமானது, நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் 10 டாலர் மென்பொருளைக் கேட்டு வாங்கிய அதே அக்கறையோடு, சூப்பர் செலுத்துவதற்கும் செலவில்லாத ஒரு வழியை இந்தக் கடைகளுக்கு வரி அலுவலகம் காட்ட வேண்டும்.