அடிமாட்டு விலைக்குக் கேட்டவர்களும் முகவர் சொன்ன பதில்களும்: சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டு விற்பனை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வீட்டை விற்க முகவர் தேவைதானா என்று கேட்பவர்கள், அடிமாட்டு விலைக்குக் கேட்டு வருபவர்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளம்பரம் போடுவதையும் வீட்டைத் திறந்து காட்டுவதையும் பக்கத்து வீட்டுக்காரரே செய்துவிடுவார். எங்கள் பெற்றோர் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய ஒற்றை மாடித் தொடர் வீட்டை விற்க, ஈப்போவிலுள்ள ஒரு பதிவுபெற்ற சொத்து முகவர் நிறுவனத்தை அமர்த்தினோம். பணம் கைக்கு வந்துவிட்ட நிலையில், அந்தச் சேவையில் பேரம் பேசிய பகுதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

எங்களுக்கு அமைந்த விற்பனைப் பிரதிநிதி தமிழ்ப் பெண். பதிவு எண் கொண்ட அடையாள அட்டையை முதல் சந்திப்பிலேயே காட்டினார். விளம்பரங்களில் பிறர் கேட்கும் விலையை நம்பாமல், சொத்து மதிப்பீட்டுத் துறையில் பதிவான விற்பனைகளைப் பார்த்து, அதே தாமானில் ஒத்த வீடுகள் 200,000 முதல் 220,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கைமாறியிருப்பதைக் காட்டி, 230,000 வெள்ளிக்கு விளம்பரம் செய்யலாம் என்றார். அதோடு நில்லாமல், செலவுகள் போக எங்கள் கையில் எவ்வளவு நிற்கும் என்ற நிகரக் கணக்கு ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். முகவர் கட்டணம் சட்டப்படி அதிகபட்சம் 3 விழுக்காடு. 2024 மார்ச் முதல் அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி உண்டு. குடிமக்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால், 2022 முதல் சொத்து ஆதாய வரி இல்லை. எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைக் கோபத்தில் முடிவு செய்யாமல் கணக்கு பார்த்து முடிவு செய்ய இது பெரிதும் உதவியது.

முதலில் வந்த விலை 165,000 வெள்ளி. வீட்டை வந்து பார்க்காமலேயே ஈப்போ முதலீட்டாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "வீட்டை விற்கிறோமா, தானம் பண்ணுகிறோமா?" என்று அம்மா கொதித்தார். "கோபப்படாதீங்க அம்மா, கேட்பதற்குக் காசு ஆகாது, அதனால் கேட்கிறார், கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று அவரை அமைதிப்படுத்திவிட்டு, அந்தப் பெண் அனுப்பிய பதிலை எங்களுக்கும் காட்டினார். நன்றி சொல்லி, தாமானில் பதிவான விலைகளைச் சுட்டி, உரிமையாளர் 227,000 வெள்ளி வரை இறங்கச் சம்மதிக்கிறார் என்றும், விருப்பம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைப் பார்த்துவிட்டு, விலையை எழுதிய கடிதத்தோடு 2 விழுக்காடு முன்பணமும் தரலாம் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். முன்பணம் பிரதிநிதியின் சொந்தக் கணக்குக்குப் போகாமல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தார். அந்த முதலீட்டாளரிடமிருந்து பதில் வரவில்லை. ஆனாலும் யார் முகத்திலும் கதவைச் சாத்தாத பதில் அது. கடிதமும் காசோலையும் இல்லாத விலைக்கு இரண்டாவது முறை இறங்குவதில்லை என்ற விதியை அவர் கடைசிவரை விடவில்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்து 190,000 வெள்ளி ரொக்கத்தோடு உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். சமையலறையை நீட்டிக் கட்டியதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வரைபடம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அது எரிச்சலூட்டினாலும் பொய்யில்லை. அனுமதியில்லாத கட்டுமானத்தை வங்கியின் மதிப்பீட்டாளரும் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குச் செலவிட்ட தொகையை விலையில் ஏற்ற முடியாது என்பதைப் பிரதிநிதி முன்பே எங்களிடம் சொல்லியிருக்கலாம். குறைந்த விலை கேட்டவர் வாயிலாகத்தான் அது தெரிய வந்தது.

கடைசியில் வாங்கியவர்கள் ஈப்போவில் தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் இளம் தம்பதியர். 195,000 வெள்ளியில் தொடங்கி 200,000 வெள்ளிக்கு வந்து நின்றார்கள். பிரதிநிதியிடம் குறை தென்பட்டதும் இங்கேதான். "இந்த ஊரில் இனி ஆள் வருவது கடினம், முடித்துவிடலாம்" என்று நெருக்கத் தொடங்கினார். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடும் ஊரில் வாங்குவோர் குறைவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் 200,000 வெள்ளிக்கும் 212,000 வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு 12,000 வெள்ளி; நிறுவனத்தின் கட்டணத்தில் அது வெறும் 360 வெள்ளி, அதிலும் பிரதிநிதிக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். அவரை நேர்மையற்றவர் என்று சொல்ல மாட்டேன். கட்டணம் அமைந்திருக்கும் விதமே விரைந்து முடிக்கச் சொல்கிறது. விற்பவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் முகவரின் அறிவுரையைக் கேட்க வேண்டும். நாங்கள் அசையவில்லை. தம்பதியரும் 212,000 வெள்ளிக்கு வந்தார்கள்.

அதன் பிறகு வங்கி வீட்டை 205,000 வெள்ளிக்கு மதிப்பிட்டது. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்கே வங்கி 90 விழுக்காடு கடன் தரும் என்பதால் கடன் 184,500 வெள்ளியாகி, அவர்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை 21,200 வெள்ளியிலிருந்து 27,500 வெள்ளியாக உயர்ந்தது. வேறு வங்கியில் கூடுதல் மதிப்பீடு பெற்று, ஒப்பந்தத்தில் விலையை உயர்த்தி எழுதி, மிகுதியைத் திருப்பித் தரலாமா என்று அவர்களின் உறவினர் ஒருவர் கேட்டார். வங்கியிடம் பொய் சொல்லும் அந்த வேலைக்குப் பிரதிநிதி உடனே மறுத்து, ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கும் வழியைக் காட்டினார். கையெழுத்தும் ஆனது, மீதித் தொகையும் மூன்று மாதக் கெடுவுக்குள் வந்து சேர்ந்தது.

இன்னொரு குறையும் உண்டு. இடையில் வந்த ஒரு கேட்பு விலையை அவர் உடனே எங்களிடம் சொல்லவில்லை. மிகவும் குறைவாக இருந்ததால் சொல்லவில்லை என்று பின்னர் விளக்கம் தந்தார். எது குறைவு என்று முடிவு செய்வது உரிமையாளரின் உரிமை. சித்தப்பா இப்போது தம் வீட்டையும் அதே நிறுவனத்திடமே ஒப்படைத்திருக்கிறார். ஆனால் வரும் ஒவ்வொரு விலையையும், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே எழுத்து மூலம் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரியை நியமனக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திட்டார்.