டைமிங் செற் பண்ணக் கொடுத்து 38,500 ரூபா போச்சு: திருகோணமலை ஆக்கள் கவனம்

இன்றைக்குத்தான் முழு விஷயமும் தெரிய வந்தது. அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பெற்றோல் வாகனம் வைத்திருப்பவர்கள் முழுக்க வாசியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது அப்பா ஓட்டிய டொயோட்டா கொரோலா டீஎக்ஸ் வாகன் கார். காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டது, இழுவையும் குறைவு. டவுனுக்குள் இருக்கிற ஒரு கராஜில் கொண்டுபோய்க் காட்டினேன். பெயர் போடவில்லை. பொயின்ற், கொண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்புவது) மூடி, ரோட்டர், நாலு பிளக், எல்லாம் புது ஜப்பான் சாமான், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், செற் பண்ணும் கூலியோடு 38,500 என்றார்கள். துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

நான் நம்பியது எந்த இடத்தில் தெரியுமா? பாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் நட்டை இளக்கினார், காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கையால் மெல்லத் திருப்பினார். எஞ்சின் சத்தம் துள்ளி எழுந்தது. "தம்பி, ஒருக்கா மிதிச்சுப் பாருங்கோ" என்றார். மிதித்தேன், சீறிக்கொண்டு ஏறியது. அப்பா இருந்த காலத்தில் கேட்ட சத்தம் மாதிரியே இருந்தது. கண் கலங்கிப் போய்க் காசை எண்ணிக் கொடுத்தேன். அந்த நேரத்தைச் சரிபார்க்கிற டைமிங் லைற் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் தொடவே இல்லை.

அன்று பின்னேரம் அம்மாவைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கோட்டை வாசல் கடந்து ஏற்றத்தில் மிதித்ததும் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். உடனே போன் எடுத்தேன். "பெற்றோல் சரியில்லை தம்பி, 95 அடிச்சுப் பாருங்கோ." அடித்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. திரும்ப எடுத்தால், "பாஸ் கொழும்புக்குப் போயிட்டார்." நேரில் போனேன். "புதுச் சாமான்தானே, ஓட ஓடச் சரியாகும்." நானும் ஓடினேன். போன கிழமை அம்மாவைக் கண்டிக்குக் கண் காட்டக் கொண்டுபோகும்போது கந்தளாய் தாண்டி ஹெட் கேஸ்கற் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கிற அடைப்பு) போய், வெள்ளைப் புகையோடு நடு ரோட்டில் நின்றோம். நல்ல வெயில், எழுபது வயது அம்மா.

இன்றைக்கு வேறொரு மெக்கானிக் எல்லாம் சரிபண்ணி, டிஸ்ட்ரிபியூட்டரை அந்த முதல் கராஜ்காரர் வைத்த அதே அடையாளத்தில் திரும்பப் பூட்டிக் காட்டினார். எஞ்சினோடு சுழல்கிற கிராங்க் புல்லியைத் துணியால் துடைத்து, அதிலிருக்கிற டைமிங் கோட்டில் சோக்கட்டி பூசி, முதலாவது பிளக் வயரில் லைற்றை மாட்டி அடித்தார். சோக்கட்டிக் கோடு அளவுக் குறிகளையே தாண்டிப் போய் நின்றது. பெற்றோல் எரிய நேரம் எடுக்கும் என்பதால் பிஸ்டன் மேலே வந்து சேரக் கொஞ்சம் முந்தியே பொறி விழ வேண்டும். அதை அளவுக்கு மேல் முந்த வைத்தால், நிற்கும்போது எஞ்சின் துள்ளும், கேட்கிறவனுக்குச் சந்தோஷம். ஏற்றத்திலோ பாரத்திலோ உள்ளே அழுத்தமும் சூடும் அளவு மிஞ்சி, எரியாமல் மிச்சம் இருக்கிற பெற்றோல் தானாக வெடிக்கும். அதுதான் நொக். இரண்டாவது பிஸ்டன் தலையில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள், என் விரலால் தடவிப் பார்த்தேன். "புது" பொயின்ற் பழையதை அரத்தால் ராவியது. பிளக்கும் கழுவிப் போட்டதுதான். 38,500 ரூபாவுக்கு!

இதைச் சொல்லப் போனால், "வேற ஆள் கழட்டினதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 38,500 போனது போனதுதான். ஹெட் வேலைச் செலவு தனிக் கணக்கு.

விளக்கமாக எழுத இப்போது மனமும் இல்லை, நேரமும் இல்லை. லைற் அடித்துக் கோட்டை உங்கள் கண்ணுக்குக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். எஞ்சின் சூடான பிறகு, உங்கள் எஞ்சின் புத்தகம் சொல்கிறபடி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற வெக்குயூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். நொக் கேட்டால் ஓடவே வேண்டாம், நான் ஓடித்தான் கெட்டேன்.

விடிய அம்மாவை பஸ்ஸில் கண்டிக்குக் கூட்டிப்போக வேண்டும், தவறவிட்ட கிளினிக். கேள்வி இருந்தால் கேளுங்கள், வந்து பதில் போடுகிறேன்.