மோட்டார் உள்ள பழசா, மோட்டார் இல்லாத புதுசா? முதல் வைப்ரபோன் வாங்கியபோது

வைப்ரபோன் என்பது உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம். கைமாறி வந்த இரண்டு வைப்ரபோன்களுக்கு நடுவே மூன்று வாரம் ஊசலாடிவிட்டுத்தான் ஒன்றை வாங்கினேன். முதலாவது என்னைவிட மூத்தது. மேடைக் கலைஞர்களுக்காகச் செய்யப்பட்டது. மோட்டார் உண்டு, தயாரிப்பு நின்று பல காலம் ஆகிறது. இரண்டாவதற்குப் பத்து வயதுகூட இல்லை; மோட்டார் கிடையாது. நான் இரண்டாவதை எடுத்தேன். இதைப் படிக்கும்போது என் சாய்வு தெரியும், அதை மறைக்கப் போவதில்லை.

இரண்டிலும் 37 பட்டைகள், எஃப்3 முதல் எஃப்6 வரை மூன்று ஸ்தாயி. இதுதான் வழக்கமான அளவு. இரண்டரை ஸ்தாயி வாத்தியங்களும் விற்பனைக்கு வரும். பெரும்பாலான பாடங்கள் மூன்று ஸ்தாயியை நம்பி எழுதப்பட்டவை என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

மோட்டார் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பட்டைகளுக்கு அடியில் தொங்கும் குழாய்களின் வாயில் இருக்கும் சின்னத் தட்டுகளை அது சுழற்றுகிறது. தட்டு திறந்து மூடும்போது ஓசை பெருகிச் சிறுத்து அலையடிக்கிறது. கமகம் மாதிரி சுருதியை அசைக்கும் வேலை இல்லை இது, முக்கியமாக ஓசையின் அளவில் நடக்கும் விளையாட்டு. ஜாஸ் வைப்ரபோன் கலைஞர் மில்ட் ஜாக்சன் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு அதையே தன் குரலாக்கிக்கொண்டார். இன்னொரு ஜாஸ் வைப்ரபோன் கலைஞர் கேரி பர்ட்டன் பெரும்பாலும் அதை அணைத்தே வைத்தார். இரண்டு மேதைகள் இப்படிப் பிரிந்து நிற்கும்போது, சி மேஜர் ஸ்கேலில் தடுமாறுகிற எனக்கு மோட்டார் ஒரு அவசரமா? மோட்டார் உள்ளதை வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள்: அது உங்கள் ஊர் மின்னழுத்தத்துக்கு ஏற்றதா, ரப்பர் பெல்ட் வெடித்திருக்கிறதா, தட்டுகளின் அச்சு கடகடக்கிறதா. அணைத்த பிறகு தட்டுகள் குழாயை மூடியபடி நின்றால் ஓசை சப்பையாக வரும். கையால் திருப்பித் திறந்துவிட்டு வாசித்துப் பார்க்க வேண்டும்.

பழசின் ஓசை அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழ் ஸ்தாயியில் ஒரு தட்டு தட்டினால் அந்தக் கார்வை அறையை விட்டுப் போகவே மனசில்லாமல் நின்றது. புதுசில் அந்தக் கனம் இல்லை. அப்புறம் ஏன் விட்டேன்? டேம்பர், அதாவது ஓசையை அடக்கும் பாகம்.

பியானோவில் பெரும்பாலான சுரங்களுக்குத் தனித்தனி டேம்பர். வைப்ரபோனில் ஒரே ஒரு நீளக் கட்டை. அதன் மேல் ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணி. இரண்டு வரிசைப் பட்டைகளின் உள்முனைகளும் அந்தக் கட்டையின் மேல்தான் வந்து நிற்கின்றன. பெடலை அழுத்தினால் கட்டை இறங்கும், பட்டைகள் ஒலிக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் தூக்கி 37 பட்டைகளின் வாயையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். கட்டை ஒரு பக்கம் கொஞ்சம் தொய்ந்தாலும், ஃபெல்ட் ஓரிடத்தில் பள்ளம் விழுந்தாலும், அந்தப் பகுதி மட்டும் அடங்காமல் முனகும்.

பழசில் அதுதான் நடந்தது. பெடலை அழுத்தி எல்லாப் பட்டைகளையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன். மேல் பக்கம் வெட்டினாற்போல் நின்றது. கீழே மூன்று பட்டைகள் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தன. கட்டையின் திருகை முடுக்கினோம். கீழே அடங்கியது, உடனே மேல் பக்கம் பெடலைப் பாதி அழுத்தினாலும் திறக்க மறுத்தது. விற்றவர், "வாசிக்க வாசிக்கப் பழகிவிடும்" என்றார். வாத்தியத்துக்கா, எனக்கா என்று கேட்கவில்லை.

தேர்ந்த கை இதைச் சமாளிக்கும். ஒரு குச்சியால் அடித்து இன்னொரு குச்சியால் பட்டையைத் தொட்டு அடக்கிவிடும். ஆனால் முதல் சில மாதங்கள் முழுக்க நாம் கற்பது காலை எப்போது எடுப்பது என்பதைத்தான். வாத்தியமே அடங்காவிட்டால் தப்பு காலிலா கட்டையிலா என்று தெரியாது. காலைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

ஃபெல்ட் தேய்ந்ததென்றால் பயமில்லை, மாற்றிவிடலாம். பட்டைகளைக் கோக்கும் கயிறும் அப்படித்தான். கட்டையே வளைந்திருந்தால்? அது தாங்கி நிற்கும் கீல் உடைந்திருந்தால்? தயாரிப்பில் இல்லாத மாடலுக்கு யாரையாவது பிடித்துப் புதிதாகச் செய்யத்தான் வேண்டும். நான் வாங்கியதற்கு ஃபெல்ட், ஸ்பிரிங், கயிறு, கயிற்றைத் தாங்கும் முளைகள் எல்லாம் இன்றும் விற்பனைக்கு இருக்கின்றன. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

பட்டைகளைப் பற்றியும் கொஞ்சம். நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டியூனர் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். சில வாத்தியங்களில் ஏ சுரம் நொடிக்கு 440 அதிர்வுக்கும், சிலவற்றில் 442-க்கும் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும்; பியானோவோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இங்கே திருகைத் திருப்பிச் சுருதி மாற்ற முடியாது. பட்டையிலிருந்து உலோகத்தைச் சீவித்தான் மாற்ற வேண்டும்: நடுவில் அடிப்பக்கம் சீவினால் இறங்கும், முனையில் சீவினால் ஏறும். நான் அந்த வேலையைச் செய்வித்ததில்லை. அதனால் "சுருதி விலகியிருக்கிறது, சரிசெய்துகொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

திரும்ப விற்பதில் பழசுதான் ஜெயிக்கும் என்று தோன்றுகிறது. நான் தேடிய நாட்களில் மோட்டார் உள்ளவற்றை முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள், இல்லாதவை கிடந்தன. நான் இன்னும் எதையும் விற்றுப் பார்க்கவில்லை, பார்த்ததை வைத்துச் சொல்வதுதான்.

மெதுவான பாட்டு ஒன்றின் கடைசி சுரத்தைப் பிடித்து நிற்கும்போது, அந்த அலையடிப்பு இருந்திருக்கலாமே என்று இப்போதும் மனசு அரிக்கும். சரி, வாரத்துக்கு ஒருமுறைதான்.

பார்க்கப் போகும்போது குச்சிகளை நீங்களே கொண்டு போங்கள், நூல் சுற்றிய, நடுத்தரக் கடினம் உள்ளவை. விற்பவர் நீட்டும் மெத்தென்ற குச்சியில் எந்தக் கடகடப்பும் காதில் விழாது.