ஹேவன் பட்லர் சேவை: 25 டாலர் கட்டிய பிறகும் கவர் எதற்கு?

நார்வீஜியன் குரூஸ் லைன் கப்பல்களில் 'தி ஹேவன்' என்பது கப்பலுக்குள் இன்னொரு கப்பல். அறைச் சாவி அட்டையைக் காட்டினால் மட்டும் திறக்கும் கதவு. அதற்குள் தனி உணவகம், தனி வெயில்தளம், சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைகள், கூப்பிட்டால் வரும் பட்லர், எதைக் கேட்டாலும் குறித்துக்கொள்ளும் கன்சியர்ஜ் மேசை. சேவை தரமானது, பெரிய குறை சொல்வதற்கில்லை. குழப்பம் டிப்ஸில், அதாவது பயண முடிவில் கவரில் வைத்துப் பட்லரிடம் கொடுக்கும் பணத்தில். அந்தக் குழப்பத்தை உண்டாக்கியது பயணிகள் அல்ல, நிறுவனமேதான்.

முதலில் கணக்கு. 2023 முதல் இந்த நிறுவனம் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 20 டாலரும், சூட்டுக்கும் ஹேவனுக்கும் 25 டாலரும் சர்வீஸ் சார்ஜாக வைத்தது. மூன்று வயதுக் குழந்தையிலிருந்து எல்லோருக்கும் உண்டு. கணவன் மனைவி இருவர் 7 இரவு போனால் 350 டாலர். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடும்ப வில்லா எடுத்தால் 700 டாலர். மற்ற அறைக்காரரைவிட 5 டாலர் அதிகம் கட்டுகிறோமே, அந்த 5 டாலர் பட்லருக்குத்தான் போகும் என்று யாரும் நினைப்பார்கள். போகாது. பட்லர், கன்சியர்ஜ், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஆகியோர் சில பயணிகளுக்கு மட்டும் தனியாக வேலை செய்வதால் சர்வீஸ் சார்ஜ் என்ற பொதுத் தொகையில் அவர்களுக்குப் பங்கு இல்லை, பிடித்திருந்தால் நீங்களே தனியாகக் கொடுங்கள் என்று நிறுவனத்தின் விதிமுறையே சொல்கிறது. படிப்பவர்தான் குறைவு.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று. இதே குழுமத்தைச் சேர்ந்த ஓஷானியா குரூஸஸ், பட்லர் உள்ள சூட்டுகளுக்கு ஆளுக்கு நாளுக்கு 23 டாலர் என்று வாங்கிய காலத்தில், இது பட்லருக்கும் சேர்த்து என்று தெளிவாகச் சொன்னது. 2025 தொடக்கத்திலிருந்து அதையும் பயணக் கட்டணத்திலேயே அடக்கிவிட்டது. இன்னொரு சகோதர நிறுவனமான ரீஜென்ட் செவன் சீஸில் டிப்ஸ் எப்போதோ கட்டணத்தோடு கலந்துவிட்டது. வழி தெரியாமல் இல்லை. ஹேவனில் செய்யவில்லை, அவ்வளவே. எங்கள் மதிப்பீட்டில் ஹேவனுக்கு மதிப்பெண் குறைவது இந்த ஒரு இடத்தில்தான்.

சரி, பட்லர் என்ன செய்வார்? தமிழில் 'பட்லர் இங்கிலீஷ்' என்ற சொல்லோடு அந்தப் பெயர் நின்றுபோனதால், பலருக்கு அவர் யார், எதைக் கேட்கலாம் என்பதே தெரிவதில்லை. ஹேவனில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அறைக்குள் நடப்பது பட்லர் பொறுப்பு: காலை உணவை மேசைத்துணி விரித்துப் பரிமாறுவது, மாலைச் சிற்றுண்டித் தட்டு, பால்கனியில் இரவு உணவை ஒவ்வொரு சுற்றாகக் கொண்டுவருவது, காபி இயந்திரத்துக்கு வேண்டியது, ஐஸ், சின்ன விருந்து வைத்தால் அதன் ஏற்பாடு. அறைக்கு வெளியே நடப்பது கன்சியர்ஜ் பொறுப்பு: உணவக முன்பதிவு, காட்சிக்கு இடம், துறைமுகத்தில் படகில் கரைக்குப் போகும் முன்னுரிமைச் சீட்டு, கடைசி நாள் வரிசையில் நிற்காமல் இறக்கிவிடுவது. படுக்கை விரிப்பதும் குளியலறை துடைப்பதும் இவர்கள் இருவருமே இல்லை. அது அறை ஸ்டூவர்ட். இந்தப் பிரிவு தெரியாமல் பட்லரிடம் உணவக முன்பதிவு கேட்டு, அவர் கன்சியர்ஜிடம் சொல்லி, அது நடுவில் தொலைந்துபோய், கடைசியில் "பட்லர் சரியில்லை" என்று எழுதுபவர்கள் நிறைய.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பு '24 மணி நேர பட்லர்' என்ற சொல்லில் இருக்கிறது. எந்த மனிதரும் 24 மணி நேரமும் நிற்க முடியாது, நிற்கவைக்கவும் முடியாது. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி கப்பல் ஊழியருக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும். அதை இரண்டு பகுதிக்கு மேல் உடைக்கக்கூடாது. அதில் ஒரு பகுதி 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஆகவே உங்கள் பட்லர் காலையிலும் மாலையிலும் இருப்பார், நடுவில் மறைவார். இரவு இரண்டு மணிக்கு அழைப்புப் பொத்தானை அழுத்தினால் வருபவர் வேறொருவர். அவர் உங்கள் கடைசி நாள் கவரில் இருக்கமாட்டார் என்பதால், நேரம்கெட்ட நேரத்தில் வேலை வாங்கினால் அங்கேயே 5 டாலர் கையில் கொடுத்துவிடுவது முறை.

கப்பல் ஏறிய நாள் பிற்பகலில் பட்லர் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வருவார். அவர் பார்க்கவேண்டியது உங்கள் சூட் மட்டுமல்ல, வரிசையாகப் பல சூட். கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை வரவேற்புப் பேச்சிலேயே கழித்துவிட்டு, மூன்றாம் நாள் "எனக்குத் தினமும் ஏழு மணிக்குக் காபி வேண்டும் என்று தெரியாதா" என்று கோபித்துப் பயனில்லை. முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருங்கள்: காலை உணவு அறையிலா, எத்தனை மணிக்கு, பால், சர்க்கரை எப்படி, சைவமா, முட்டை உண்டா, வெங்காயம் பூண்டு ஆகுமா, மாலைத் தட்டு வேண்டுமா வேண்டாமா. சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் தூவிய கனாப்பே (ஒரு வாய்க்கு அளவான ரொட்டிச் சிற்றுண்டி) வந்து நிற்கும். "இறைச்சி, மீன், முட்டை இல்லை, பாலும் பாலாடைக்கட்டியும் சரி" என்று பிரித்துச் சொன்னால் ஒழுங்காக வரும். மாலைத் தட்டே வேண்டாமென்றால் அன்றே சொல்லிவிடுங்கள். தினமும் வந்து, தொடாமல் திரும்பும் தட்டுக்கு அவர் நடக்கும் நடை வீண்.

இப்போது தொகை. சர்வீஸ் சார்ஜ் ஆள் கணக்கு. பட்லர் டிப்ஸ் சூட் கணக்கு. இரண்டையும் குழப்பி நான்கு பேருக்கு நான்கு மடங்கு கொடுக்கத் தேவையில்லை. கீழே சொல்வது ஹேவனுக்கு எங்கள் அளவு, சட்டமல்ல. தினமும் அறையில் காலை உணவு, மாலைத் தட்டு, இடையில் இரண்டொரு அழைப்பு என்று நடுத்தரமாகப் பயன்படுத்தும் தம்பதி நாளுக்கு 15 முதல் 20 டாலர், அதாவது வாரத்துக்கு 105 முதல் 140. இரவு உணவையும் அறையிலேயே சுற்றுச்சுற்றாக வாங்குபவர், பிள்ளைகளோடு போய் நாளெல்லாம் பொத்தானை அழுத்துபவர் நாளுக்கு 25 முதல் 30. பட்லர் முகத்தையே இரண்டு முறைதான் பார்த்தோம், நாமும் எதுவும் கேட்கவில்லை என்றால் வாரத்துக்கு 40 போதும்; சும்மா இருந்ததற்கு அபராதமாகப் பூஜ்யம் வைப்பது சரியல்ல, ஏனெனில் அவருக்குப் பொதுத் தொகையிலிருந்து எதுவும் வராது. வேலை மோசமாக இருந்தால் மட்டும் பூஜ்யம். அதுவும் கன்சியர்ஜிடம் ஒரு முறை சொல்லித் திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகு.

கன்சியர்ஜுக்கு வாரத்துக்கு 50 டாலர். புயலால் துறைமுகம் மாறி, எல்லா முன்பதிவையும் திரும்பச் செய்துகொடுத்தவர் என்றால் 100. அறை ஸ்டூவர்டுக்குப் பொதுத் தொகையில் பங்கு உண்டு. கூடுதலாகக் கொடுப்பது உங்கள் மனம், 20 முதல் 30 டாலர் என்றால் அழகு. ஹேவன் உணவகத்தில் ஒரே மேசைப் பணியாளரிடம் தினமும் உட்கார்ந்தால் கடைசி இரவில் 20.

மதுக்கூடத்திலும் கூடுதல் கட்டண உணவகத்திலும் ஸ்பாவிலும் 20 சதவீதம் தானாகவே ஏறிவிடும். ஆனாலும் ரசீதில் 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு வெற்றுக் கோடு இருக்கும். ஊரில் ஹோட்டல் பழக்கத்தில் அதை நிரப்பினால் அது இரண்டாவது டிப்ஸ். கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சிலர் செய்யும் ஒரு சாமர்த்தியம் தவறு என்றே சொல்லவேண்டும்: 350 டாலர் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிவிட்டு, அதையே பட்லருக்குக் கொடுத்துவிடுவது. பட்லர் மகிழ்வார். நீங்கள் கண்ணால் பார்க்காத துணி வெளுப்பவரும், பாத்திரம் கழுவுபவரும், காலையில் உங்கள் நாற்காலிக்குத் துண்டு போட்டவரும் இழப்பார்கள்.

பணம் எந்த வடிவில்? அமெரிக்க டாலர் நோட்டு, கசங்காதது, கிழியாதது. சென்னையில் நாணய மாற்றுக் கடைக்காரர் கேட்காவிட்டால் நூறு டாலர் நோட்டுகளாகவே அடுக்கிக் கொடுப்பார். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம் என்பதால் அளவு பிரச்சினையில்லை, சில்லறைதான் பிரச்சினை. ஒரு வாரத்துக்கு 20 டாலர் நோட்டு பத்து, 10 டாலர் ஐந்து, 5 டாலர் பத்து என்று வாங்கினால் 300 டாலர். பட்லர், கன்சியர்ஜ், ஸ்டூவர்ட், இரவு அழைப்பு, துறைமுகத்தில் பெட்டி தூக்குபவர் எல்லோருக்கும் போதும். கப்பலில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசி இரவில் வரவேற்பு மேசை முன் ஒரு தேர்த் திருவிழாக் கூட்டம் நிற்கும். உங்கள் முறை வரும்போது சில்லறை தீர்ந்திருக்கும். கப்பல் ஏடிஎம் தனியாகக் கட்டணம் பிடிக்கும். நாணயங்களைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வேறு நாட்டில் அவற்றை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். பட்லர் இந்தியராக இருந்தால் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டும் பழக்கமும் வேண்டாம். அவர் பல மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார். இறங்கும் துறைமுகங்களில் அவருக்குச் செலவு டாலரில்.

எப்போது கொடுப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. முதல் நாளே கொடுத்தால் கவனிப்பு கூடும் என்பது ஒன்று. முடிவில் கொடுப்பதே மரியாதை என்பது மற்றொன்று. எங்கள் ஓட்டு நடுவில்: இரண்டாம் நாள் காலை உணவு பரிமாறி முடித்ததும் நன்றி சொல்லி மூன்றில் ஒரு பங்கு, மீதி கடைசி மாலை. முதல் அறிமுகத்திலேயே நீட்டினால் அது லஞ்சம் போலத் தெரியும். அவர் யார், எப்படி என்று உங்களுக்கும் தெரியாது. முழுவதையும் இறங்கும் நாள் காலைக்கு ஒத்திவைத்தால் கவர் உங்களோடே ஊருக்கு வரும். அன்று விடிகாலையிலிருந்து அடுத்த பயணிகளுக்காக எல்லாச் சூட்டையும் தயார்செய்யும் வேலை. பட்லர் எந்த மாடியில் என்று யாருக்கும் தெரியாது. கவரின் மேல் அவர் பெயரும் உங்கள் சூட் எண்ணும் எழுதி, முந்தைய நாள் மாலைத் தட்டு வரும்போது கையில் கொடுப்பதே நிச்சயம். மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அறைக்குள் ஸ்டூவர்டும் வருவார். பெயரில்லாத கவர் யாருக்கென்று அவர் எப்படி அறிவார்?

"எவ்வளவு கொடுக்கலாம்?" என்று பட்லரிடமே கேட்பதையும் தவிர்க்கவேண்டும். டிப்ஸ் கேட்பது அவர்களுக்கு வேலைக்கே ஆபத்து. "உங்கள் விருப்பம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது.

பணத்தோடு சேர்த்துச் செய்யவேண்டியது ஒன்று உண்டு: பயணம் முடிந்து வரும் கருத்துப் படிவத்தில் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது. "பட்லர் அருமை" என்று எழுதினால் அது எவர் கணக்கிலும் ஏறாது. பெயர்ப் பட்டையை முதல் நாளே போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

மற்ற கப்பல்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோகக் கூடாது. ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் ஸ்டார் கிளாஸ் சூட்டுக்கு 'ராயல் ஜீனி' என்று ஒருவர் உண்டு. பட்லரும் கன்சியர்ஜும் ஒரே ஆளில் சேர்ந்தவர். உணவக முன்பதிவு, காட்சியில் முன்வரிசை, பிள்ளைகளை விளையாட்டு வரிசையில் நிற்காமல் கூட்டிப்போவது எல்லாம் அவரே. ஸ்டார் கிளாஸ் கட்டணத்தில் வழக்கமான டிப்ஸ் அடக்கம். ஆனால் ஜீனிக்குத் தனியாகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் நாள் முழுவதையும் அவர் ஓட்டுகிறார் என்பதால், ஹேவன் பட்லருக்கும் கன்சியர்ஜுக்கும் கொடுக்கும் தொகையைக் கூட்டி, அதற்கு மேல் தொடங்குங்கள். குனார்டில் குவீன்ஸ் கிரில் சூட்டுக்கு பட்லர் உண்டு. அதற்கு ஒரு படி கீழே உள்ள பிரின்சஸ் கிரில்லுக்கு இல்லை. இல்லாத பட்லருக்காகக் காத்திருந்து கோபப்படுபவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு படியைக் கவனிக்காதவர்கள்.

சில்வர்சீயில் எல்லாச் சூட்டுக்கும் பட்லர் உண்டு, டிப்ஸ் கட்டணத்திலேயே இருக்கிறது. சீபோர்னிலும் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019 முதல் தனி டிப்ஸை நீக்கிவிட்டது. அதன் சூட்டுகளிலும் பட்லர் உண்டு. இங்கெல்லாம் கவர் கட்டாயமில்லை. பெட்டியைப் பிரித்து அடுக்கி, மறுபடி கட்டிக் கொடுத்தது போன்ற கூடுதல் வேலைக்கு வாரக் கடைசியில் 50 டாலர் கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்காதவரும் உண்டு. இரண்டு பேருக்கும் மறுநாள் காலைக் காபி ஒரே நேரத்தில்தான் வரும்.