செம்பனைத் தோட்டத்தில் கேனன் 700டி: பல வருடம் படம் எடுத்த அனுபவம்

2013-இல் வெளிவந்த கேனன் 700டி-யைப் பழைய கேமராவாக வாங்கி, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் பல வருடமாகக் குறும்படம் எடுத்து வருகிறேன். மிகத் துல்லியமான 4கே வீடியோ கிடையாது, அதற்கு ஒரு படி கீழான 1080பி மட்டும்தான். தோட்ட மண்டபத்தில் புரொஜெக்டரில் போடவும் யூடியூப்பில் ஏற்றவும் அதுவே தாராளம்.

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தம்பிகள் எல்லாம் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கத்தான் ஓடுகிறார்கள். முகம் தெளிவாக, பின்னால் எல்லாம் மங்கலாகத் தெரிவது அழகுதான். ஆனால் இந்தக் கேமராவில் படம் பதிவாகும் சென்சார் சிறியது. அதில் 50 எம்எம் கிட்டத்தட்ட 80 எம்எம் போல நெருக்கிக் காட்டும். லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் இரண்டு பேரைச் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம். என் படங்களில் பெரும்பகுதி கூடவே வந்த 18-55 கிட் லென்ஸில் எடுத்ததுதான்.

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வைத்துவிட்டால் டியூப் லைட் சிமிட்டாது. 1/60-இல் எடுத்தால் பட்டை பட்டையாக ஓடும். உச்சி வெயிலில் அதே 1/50 வைத்தால் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 100-க்குக் குறைத்தாலும் லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை மூட வேண்டிவரும், துவாரத்தைத் திறந்து எடுக்க ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது. செம்பனை நிழலிலோ முகத்தில் பச்சை ஏறும். வெள்ளைத் தாளைப் பிடித்து கேமராவின் நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நீங்களே வையுங்கள்.

இதெல்லாம் பழகிவிடும். படம் நிற்பதும் விழுவதும் சத்தத்தில்தான். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் கேமராவின் ஆட்டோ லெவல், நடிகர் பேச்சை நிறுத்தியதும் சத்தத்தைத் தூக்கிவிடும். அந்த இடைவெளியில் சில்வண்டும் தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியும் முன்னால் வந்து நிற்கும். மெனுவில் அதை மேனுவலுக்கு மாற்றலாம். ஆனால் 700டி-யில் ஹெட்ஃபோன் செருக இடமில்லை, பதிவாவதை அப்போதே கேட்க முடியாது. அதனால் சின்ன ரெக்கார்டர் ஒன்றை நடிகரின் சட்டைப் பையில் வைத்து, காலர் மைக்கை மாட்டிவிடுகிறோம். ஷாட் தொடங்கும்போது ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் அதை வைத்துப் படத்தையும் ஒலியையும் சேர்த்துக்கொள்ளலாம். மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால் எந்த மைக்கும் உதவாது. எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், ஆகவே வசனக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுவோம். புது லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் ரெக்கார்டரில் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் ஈரக்காற்று. அலமாரியில் சும்மா வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் டிரை கேபினட் பெட்டி வாங்க முடியாதவர்கள் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம், ஆனால் ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும். பழைய 700டி வாங்கப் போகிறவர்கள் டார்ச் அடித்து லென்ஸின் உள்பக்கம் நூல் நூலாக ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கேமரா உடலை மட்டும் விலை பேசுங்கள், கிட் லென்ஸ் தனியாகவும் மலிவாகக் கிடைக்கிறது.