ஹெச்.டி. பருத்தி விதை வாங்கலாமா? ஒரு பருவம் பக்கத்துக் காட்டிலிருந்து பார்த்தது

எங்கள் பெரம்பலூர் பக்கம் பருத்தி போட்டால் செலவில் பெரிய பங்கு களைவெட்டுக்கே போகும். புரட்டாசியில் விதைத்து அடுத்தடுத்து மழை பிடித்துக்கொண்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. ஈரம் காய்ந்து உள்ளே இறங்குவதற்குள் சாரணையும் கோரையும் பருத்தியை மூடிவிடும். எல்லார் காட்டிலும் ஒரே சமயத்தில் களை நிற்பதால் 300 ரூபாய் கூலி கொடுத்தாலும் ஆள் சிக்காது. "களை மருந்து அடிச்சாலும் பருத்தி சாகாது" என்று விற்கிற ஹெச்.டி., அதாவது களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதைப் பொட்டலத்துக்கு இவ்வளவு கிராக்கி வந்தது அதனால்தான். போன பருவம் என் கொழுந்தனார் அதை ஒரு ஏக்கரில் போட்டார். வரப்புக்கு இந்தப் பக்கம் என் காடு. விதைப்பிலிருந்து கடைசிப் பறிப்பு வரை பார்த்ததை, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

களையைக் கொல்கிறதா என்றால், கொல்கிறது. கிளைபோசேட் என்ற களை மருந்தை அடித்த பத்து நாளைக்குள் சாரணையும் அருகும் மஞ்சளித்துக் கருகிப்போயின, பருத்தி பச்சையாக நின்றது. செடி வளரத் தேவையான அமினோ அமிலங்களை உண்டாக்கும் ஒரு நொதியை இந்த மருந்து முடக்கும். மருந்துக்கு முடங்காத அதே வகை நொதியின் மரபணுவை ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்துப் பருத்தியில் வைத்திருக்கிறார்கள். நான் ஆள் தேடி அலைந்த வாரத்தில் அவர் ஒருவராகவே டேங்கை முதுகில் மாட்டி ஒரே காலையில் வேலையை முடித்தார். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மருந்து அடித்ததும் பருத்தியிலேயே அங்கங்கே செடி செத்து வரிசையில் சந்து விழுந்தது. பொட்டலத்தில் இருந்தது கலப்பு விதை. யாரிடம் போய்க் கேட்பது? கம்பெனிப் பெயர் இல்லை, லாட் எண் இல்லை, ரசீது இல்லை. இந்தியாவில் காய்ப்புழுவைத் தாங்கும் பிடி பருத்திக்கு 2002-இலும் அதன் அடுத்த வகையான போல்கார்டு 2-க்கு 2006-இலும் அனுமதி கிடைத்தது. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு மஹிகோ என்ற விதைக் கம்பெனி கொடுத்திருந்த விண்ணப்பத்தை 2016-இல் அந்தக் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே இன்று கைமாறுகிற பொட்டலம் எல்லாமே திருட்டு விதை. முளைக்காவிட்டாலும் செத்தாலும் நஷ்டஈடு கேட்க வழியில்லை.

அடுத்தது கானாவாழை. கிளைபோசேட் அதை லேசில் கொல்லாது. மற்ற களையெல்லாம் ஒழிந்த இடத்தில் அது போட்டியில்லாமல் படர்ந்தது, கடைசியில் ஓரகத்திதான் குனிந்து பிடுங்கினாள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பருத்தியிலும் இந்த விதை பரவிய பிறகு இதே கானாவாழை பெரிய தொல்லையாகிவிட்டது. அங்கேயே 2005-இல், நம் முளைக்கீரை இனத்தைச் சேர்ந்த பால்மர் அமராந்த் கிளைபோசேட்டுக்குச் சாகாமல் நிற்பது உறுதியானது. ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்தால் அதற்குத் தப்பிப் பிழைப்பதுதான் விதை விட்டுப் பெருகும்.

என்னை அதிகம் வருத்தியது வேறு. என் காட்டில் பருத்திக்கு நடுவே உளுந்து உண்டு. இந்த விதையைப் போட்டு மேலே மருந்து அடிக்கிறவருக்கு ஊடுபயிரே கிடையாது, மருந்து பட்டால் உளுந்து செத்துப்போகும். அவர் அடித்த அன்று காற்று இந்தப் பக்கம் திரும்பியதில் வரப்போரத்து இரண்டு வரிசை உளுந்து வெளுத்து வீணானது. களை எடுக்க வருகிற பெண்கள் தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள், அருகை மாட்டுக்குச் சுமந்து போவார்கள். அது அவர்களுக்குக் கூலியோடு சேர்ந்த வரும்படி. மருந்து அடித்த காட்டில் அந்தக் கீரையை யார் பறிப்பார்கள்? விதையின் விலையைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

உடம்புக்கும் பயம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைபோசேட்டை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் சேர்த்தது. வேறு சில நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று 2022-இல் மத்திய அரசு ஆணை போட்டது. கொழுந்தனார் கையுறைகூட இல்லாமல்தான் அடித்தார்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பேன், அந்த இரண்டும் முதல் களைவெட்டுச் செலவு மிச்சமானதற்கு. வாங்காதீர்கள் என்றுதான் என் தங்கச்சிக்கும் சொன்னேன்.

ஆள் கிடைக்காத கஷ்டம் நிஜம். அதற்கு நான் செய்வது இது: விதைத்த மூன்றாம் நாள் ஈரத்தில் ஏக்கருக்கு 1.3 லிட்டர் பெண்டிமெத்தலின் என்ற களை மருந்து. களை முளைக்கும்போதே அது பிடித்துவிடும். நாற்பதாம் நாள் வாக்கில் ஒரே ஒரு கைக்களை. உளுந்து அறுத்த பிறகு வரிசை இடைவெளியில் களையெடுக்கும் பவர் வீடரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவேன். உங்கள் மண்ணுக்கு அளவு மாறுமா என்று வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதை எதுவானாலும் ரசீது வாங்கி, பொட்டலத்தைக் கடைசிப் பறிப்பு முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.