ஜெடாய்களை எந்த வாசல் வழியாகச் சந்திப்பது?

விடுமுறைக்கு வந்த அக்கா மகள் வந்ததும் வராததுமாக ஒரு கேள்வியைக் கேட்டாள். ஸ்டார் வார்ஸ் படங்களை அத்தியாய எண் வரிசையில் பார்ப்பதா, வெளியான வரிசையில் பார்ப்பதா? அவளுக்குப் பன்னிரண்டு வயது. விண்கலங்களில் அக்கறை இல்லை. ஒளிவாள் ஏந்தி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றலோடு உறவாடும் அந்த ஜெடாய்கள் மட்டும்தான் வேண்டும். 1977இல் தொடங்கச் சொன்னேன். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு நண்பர் எண் வரிசையில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்க, அவரோடு உட்கார்ந்து அந்த வரிசையிலும் பார்த்து முடித்திருந்தேன். எனவே இரண்டு வாசல்களிலும் ஒருவரை அழைத்துச் சென்ற அனுபவம் இருக்கிறது. முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழ்ந்துவிடும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது.

குழப்பம் எங்கே என்பது பலருக்கும் தெரிந்ததுதான். 1977, 1980, 1983இல் வந்தவை நான்கு, ஐந்து, ஆறாம் அத்தியாயங்கள். 1999, 2002, 2005இல் வந்தவை ஒன்று, இரண்டு, மூன்று. 2015 முதல் 2019 வரை வந்த கடைசி மூன்றும் எந்த வரிசையிலும் கடைசிதான். முதல் படம் முதன்முதலில் திரைக்கு வந்தபோது அதில் அத்தியாய எண்ணே கிடையாது. 1981இல் மறுபடி வெளியிட்டபோதுதான் "நான்கு" ஒட்டிக்கொண்டது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. எண் வரிசையில் பார்த்தால் கறுப்பு முகமூடி வில்லன் வேடர் யாருடைய தந்தை என்ற அதிர்ச்சி போய்விடும் என்பது ஒன்று. அந்த ரகசியம் இன்று யாருக்குத்தான் தெரியாது? என் அக்கா மகளுக்கே தெரிந்திருந்தது. 2005இன் கணினி வித்தைகளைப் பார்த்த கண்ணுக்கு 1977 பழசாகத் தெரியும் என்பது மற்றொன்று. உண்மைதான். எரிமலைக் குழம்பின் மேல் சுழன்று சுழன்று மோதிய அதே இருவர், வேடரும் அவருடைய பழைய குரு ஓபி-வானும், அடுத்த படத்தில் இரண்டு முதியவர்கள் கம்பு தட்டுவதுபோல் நிதானமாக வாள் வீசுவதைப் பார்த்து நண்பர் சிரித்துவிட்டார். ஆனால் பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். இவற்றுக்காக மட்டும் ஒரு வரிசையைத் தள்ளிவிட மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். ஜெடாய்கள் ஒரு வதந்தியாக நம்மிடம் வருகிறார்களா, ஓர் அலுவலகமாக வருகிறார்களா?

1977 படத்தில் ஜெடாய் சங்கம் என்று எதையும் நாம் பார்ப்பதில்லை. பாலைவனத்தில் தனியாக வாழும் ஒரு கிழவர் இருக்கிறார். அவரை, கதாநாயகன் லூக்கின் மாமா பைத்தியக்காரர் என்று ஒதுக்குகிறார். ஆயிரம் தலைமுறைகளுக்கும் மேலாகக் குடியரசின் அமைதிக்கும் நீதிக்கும் காவலாக இருந்தவர்கள் ஜெடாய்கள் என்று அந்தக் கிழவர் ஒரு வரியில் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு வாளை எடுத்துத் தருகிறார். அவ்வளவுதான். மற்றவர்கள் பேச்சில் எல்லாம் ஏளனம். கடத்தல்காரன் ஹான் சோலோவுக்கு அது பழங்கால மூடநம்பிக்கை. பேரரசின் அதிகாரி ஒருவர் வேடரின் முகத்துக்கு நேராகவே அந்தப் பழைய மதத்தைக் கிண்டல் செய்து, தொண்டை நெரிபட்டு விழிக்கிறார். ஜெடாய்கள் அழிந்துவிட்டார்கள், அந்த மதத்தில் மிச்சம் இருப்பது நீ மட்டும்தான் என்று வேடரிடமே பேரரசின் உயர் அதிகாரி டார்கின் சொல்கிறார். இவற்றைக் கேட்கக் கேட்க, எப்போதோ மண் மூடிப்போன ஒன்றின் மேல் நாம் நிற்கிறோம் என்ற உணர்வு வந்துவிடுகிறது.

இதையே எண் வரிசையில் வந்து கேட்டுப் பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்துக்கும் நான்காம் அத்தியாயத்துக்கும் இடையில் கதைக்கணக்கில் 19 ஆண்டுகள்தான். முந்தைய படங்களில் தலைநகரின் நடுவே வானளாவிய கோயில் இருந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட அவை வட்டமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது. ஒரு போர்க்களத்தில் கூட்டம் கூட்டமாக ஜெடாய்கள் இறங்கினார்கள். பிறகு ஒரு பெரும்போர் முழுவதும் அவர்களே தளபதிகளாக இருந்தார்கள். 19 ஆண்டுகளில் இது "பழைய மதம்" ஆகிவிடுமா? அந்தப் போர் நடந்தபோது ஹான் சோலோ சிறுவன். இதே இடத்தில் நண்பர் படத்தை நிறுத்தி, "இவர்களுக்கெல்லாம் மறதி நோயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேரரசு திட்டமிட்டு வரலாற்றை அழித்திருக்கும் என்று ஏதோ சமாளித்தேன். கேள்வி சரியானது. ஓட்டை கதையில் இருக்கிறது; வெளியான வரிசை அதன் மேல் ஒரு பாயை விரித்துவிடுகிறது. அந்தத் தூரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொண்டவருக்குப் பின்னால் யாரும் ஆண்டுக்கணக்குப் போடத் தோன்றுவதில்லை.

அந்தப் பாலைவனக் கிழவர் ஓபி-வான் விஷயத்திலும் இதே கதைதான். 1977இல் அவர் லூக்கிடம், உன் தந்தையை வேடர் கொன்றுவிட்டான் என்கிறார். நாம் நம்புகிறோம். 1980இல் அது பொய் என்று தெரிகிறது. 1983இல் லூக் நேரடியாகக் கேட்கும்போது, ஒரு கோணத்தில் பார்த்தால் தான் சொன்னதும் உண்மையே என்று மழுப்புகிறார். தந்தை யார் என்று முன்பே தெரிந்திருந்தும், அக்கா மகள் இந்த இடத்தில்தான் கொதித்தாள். "மாமா, பெரிய ஞானி என்று சொன்னீர்களே, இவரே இப்படிப் பேசலாமா?" என்றாள். அந்தக் கோபத்தோடு 1999, 2002 படங்களுக்குள் போனாள். அங்கே அதற்கு விடை காத்திருந்தது: கைக்குழந்தைகளாகவே எடுத்து வளர்ப்பது, பற்று கூடாது என்ற விதி, பின்னாளில் வேடராகப்போகும் ஒன்பது வயது அனகினை வயது கடந்துவிட்டது என்று அவை மறுப்பது, அவனுடைய தாயை அடிமையாகவே விட்டுவிட்டு வருவது. மழுப்பல் ஓர் ஆளிடம் தொடங்கவில்லை, சங்கத்தின் சுவரிலேயே ஊறியிருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். நண்பருக்கு இது கிடைக்கவில்லை. முழு உண்மையும் தெரிந்த பிறகு 1977க்கு வந்ததால், ஓபி-வான் வாய் திறந்தபோதே "புளுகுகிறார்" என்றார். அதோடு அந்தக் கிழவர் மேல் அவருக்கு மரியாதை வரவே இல்லை.

யோடாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1980இல் சதுப்பு நிலத்தில் ஒரு குட்டி உருவம் லூக்கின் சாப்பாட்டை எடுத்துக் கடிக்கிறது, சின்ன விளக்குக்காக ரோபோவோடு மல்லுக்கட்டுகிறது. லூக் எரிச்சலடைகிறான், நாமும்தான். பிறகுதான் லூக் தேடி வந்த குரு யோடா அவரேதான் என்று தெரிகிறது. அந்தப் பாடம் அவனுக்கு மட்டும் நடத்தப்பட்டதல்ல. எண் வரிசையில் வந்தவருக்கு யோடாவை மூன்று படங்களாகத் தெரியும், வாளோடு பம்பரமாகச் சுழன்றதையும் பார்த்தாயிற்று. லூக் மட்டும் மடையனாகத் தெரிகிறான். பழைய மூன்று படங்களில் யோடா ஒளிவாளைத் தொடுவதே இல்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஃபோர்ஸ் என்ற ஆற்றலை ரத்தத்தில் உள்ள மிடிகுளோரியன் என்ற நுண்ணுயிர்களை எண்ணிக் கணக்கிடும் 1999இன் சங்கதியை முதலிலேயே கேட்டவருக்கு, சதுப்பிலிருந்து விண்கலம் மெல்ல எழும்பும் காட்சி எந்த அளவுக்குச் சிலிர்க்கும் என்று எனக்குச் சந்தேகம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

எண் வரிசைக்கும் நியாயம் உண்டு. அனகினின் வீழ்ச்சியும் மீட்சியும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. 1983இல் வேடர் முகமூடியைக் கழற்றச் சொல்லும்போது என்னைவிட நண்பர்தான் அதிகம் கலங்கினார். அது ஒரு முழு மனிதனின் முடிவாக அவருக்குப் பட்டது. ஒரு தனி மனிதனின் சோகம்தான் வேண்டும், சங்கம் இரண்டாம்பட்சம் என்பவர்களுக்கு இதுவே பொருத்தமாக இருக்கக்கூடும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கும் சிறுவன் அனகினோடு தொடங்குவது எளிதாக இருக்கலாம். அந்த வயதுப் பிள்ளை யாரோடும் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 2011இல் ஒரு ரசிகர் முன்வைத்த "மச்செட்டி வரிசை": நான்கு, ஐந்து, இரண்டு, மூன்று, ஆறு. முதல் அத்தியாயத்துக்கு இடமே இல்லை. காகிதத்தில் அழகாக இருக்கிறது; நான் பார்த்துச் சோதித்ததில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பையன் அவையின் நடுவில் நின்று, தாயை நினைத்து ஏங்குவதாக ஒப்புக்கொள்ளும் காட்சியும் அந்த வெட்டில் போய்விடுகிறது. சங்கத்தைப் பார்க்க வந்தவர் அதைத் தவறவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

2008இல் தொடங்கி 2020இல் முடிந்த குளோன் வார்ஸ் அனிமேஷன் தொடரை எங்கே செருகுவது என்பதில் மட்டும் உறுதியாகப் பேச எனக்குத் தகுதி குறைவு. 133 பகுதிகள், நான் முன்னும் பின்னுமாகத்தான் பார்த்தேன். ஐந்தாம் பருவத்தின் முடிவில், செய்யாத குற்றத்துக்காகத் தன்னைக் கைவிட்ட அவையிடம் அனகினின் மாணவி அசோகா திரும்பிப் போக மறுத்து, கோயிலை விட்டுப் படியிறங்கி நடக்கும் இடத்தை வைத்துச் சொல்கிறேன்: ஆறு படங்களும் முடிந்த பிறகு பார்க்கலாம். அக்கா மகள் இப்போது இரண்டாம் பருவத்தில் இருக்கிறாள். அசோகா எப்போது தலைமை அவையில் உட்காரப் போகிறாள் என்று வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.